இருபத்திரண்டு அங்கீகரிக்கப்பட்ட பதில்கள்

தனிமைக்கு அரசாங்கத்திடம் ஒரு படிவம் இருக்கிறது என்பது லிஃப்ட்காரருக்குத் தன் அறுபத்தெட்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதற்கு முன்பு ஒன்பது வருஷம் அவர் எந்தப் படிவமும் நிரப்பாமல், யாரிடமும் அனுமதி வாங்காமல், தன்பாட்டுக்குத் தனியாக இருந்திருக்கிறார். சட்டப்படி அது சரிதானா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

படிவத்தை அனுப்பியது மகள். அவள் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வாள். "சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? கதவைப் பூட்டிட்டுதான படுக்கிறீங்க?" மூன்றுக்கும் அவர் "ஆமாம்மா" என்பார். நாலாவதாக அவர் ஏதாவது ஆரம்பித்தால், "பிள்ளைங்க கூப்பிடுறாங்கப்பா, அடுத்த வாரம் பேசலாம்" என்று வைத்துவிடுவாள். கெட்ட பெண் இல்லை. நிற்க நேரமில்லாத பெண், அவ்வளவுதான். அப்பா வாரா வாரம் எதையோ சொல்ல வாயெடுப்பது அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அதனால்தான் விசாரித்து, அந்தப் பதினோரு பக்கப் படிவத்தைத் தபாலில் சேர்த்தாள்.

படிவத்தின் முதல் கேள்வி: 'தாங்கள் தனியாக வசிக்கிறீர்களா? ஆம் எனில், உடன் வசிப்பவரின் கையொப்பத்தை இணைக்கவும்.' லிஃப்ட்காரர் இதை மூன்று முறை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது முறையும் படித்தார். ஏழாவது கேள்வி இன்னும் பலமாக இருந்தது. 'தங்களுக்கு யாரும் இல்லை என்பதைத் தங்களை நெருக்கமாக அறிந்த இருவர் சான்றளிக்க வேண்டும்.'

தெரு முனை மருந்துக் கடைக்காரரிடம் போய் நின்றார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்களை நெருக்கமாத் தெரியும்னு எப்படிங்க போடறது? எனக்கு உங்க பிரஷர் மாத்திரையைத்தான் தெரியும்."

"அதையே போடுங்களேன்."

போட்டார். இரண்டாவது கையெழுத்துக்குத் தபால்காரர் கிடைத்தார். 'இவருக்குக் கடிதமே வராது என்பதை நான் அறிவேன்' என்று அவர் எழுதியது படிவத்துக்கு மிகவும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

திட்டத்தின் பெயர் 'முதியோர் உரையாடல் துணைக் கூட்டுப் பொறுப்புத் திட்டம்'. தனியாக இருக்கும் முதியவர்களோடு வாரத்துக்கு ஒரு மணி நேரம் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். சாதாரண மனிதர்கள் என்றால் யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்டியிருப்பார். ஆனால் நாட்டில் மூன்று அரசாங்கங்கள் இருந்தன: மத்திய அரசு, மாநில அரசு, நகராட்சி. எது யாருடைய அதிகாரம் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். ரயில் ஒருவருக்கு, ஆஸ்பத்திரி ஒருவருக்கு, சாக்கடை ஒருவருக்கு. அந்தப் பட்டியல்களை எழுதிய பெரியவர்கள் பேச்சுத் துணையை எதிலும் சேர்க்க மறந்துபோயிருந்தார்கள். அவர்கள் காலத்தில் அது வீட்டிலேயே கிடைத்திருக்கும் போல.

பதினான்கு கூட்டம் நடத்தி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உரையாடல் என்பது உட்காருதல், கேட்டல், பதில் சொல்லுதல் என்ற மூன்று அங்கங்களைக் கொண்டது. உட்காருவது தரையோடு சம்பந்தப்பட்டதால் அது நகராட்சிக்கு. கேட்பது அந்தந்த வட்டாரப் பேச்சு தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது என்பதால் மாநிலத்துக்கு. பதில் மட்டும் நாடு முழுவதும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பதால் மத்திய அரசு அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தையும் அறுபதுக்கு நாற்பது என்று பிரித்தார்கள். இருபத்து நாலு நிமிடம் மாநிலம் கேட்கும். முப்பத்தாறு நிமிடம் மத்திய அரசு பதில் சொல்லும்.

இதெல்லாம் முடிவான கட்டடத்தில்தான் லிஃப்ட்காரர் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஒன்பது மாடி. தரைத்தளமும் முதல் மாடியும் நகராட்சிக்கு. இரண்டிலிருந்து நாலு வரை மாநிலத்துக்கு. ஐந்திலிருந்து ஒன்பது வரை மத்திய அரசுக்கு. அவர் முக்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகித் திருகி மூன்று அரசாங்கங்களையும் தினமும் ஏற்றி இறக்கினார். ஒன்பதாவது மாடியில் ஏறிய ஒருவர் நாலாவது மாடியில் இறங்கி அவர் பார்த்ததே கிடையாது. பாதிப் பேச்சோடு ஏறுவார்கள், பாதிப் பேச்சோடு இறங்கிப் போவார்கள். ஒருவருடைய மகளுக்கு இரண்டாவது மாடியில் வரன் வரும். அது அமைந்ததா என்று சொல்லாமலே அவர் ஐந்தில் இறங்கிவிடுவார். எல்லாக் கதைக்கும் நடுப்பகுதி மட்டும் தெரிந்த மனிதர் அவர். ஓய்வு பெற்றதும் அந்த இடத்தில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. மாடி எண்ணை மட்டும் சொல்லும்.

முதலில் வந்தது நாற்காலி. நகராட்சியிலிருந்து மூன்று பேர் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மூன்றாமவர் நாற்காலிக்கான பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதுகில் வெள்ளைப் பெயின்டில் எண் போட்ட மர நாற்காலி. லிஃப்ட்காரரின் நாற்காலிக்கு எதிரே டேப் வைத்து நாலடி அளந்து போட்டார்கள்.

"இதுல நீங்க உக்காரக் கூடாது பெரியவரே" என்றார் பதிவேட்டுக்காரர். "இது கேக்குறவங்களுக்கு. பேசுறவங்க சொந்த நாற்காலி வெச்சிருக்கணும்."

"நாற்காலி இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்க நின்னுக்கிட்டே தனியா இருக்கலாம். அதுக்குத் தடை இல்ல."

அந்த நாற்காலி ஏழு வாரம் காலியாகக் கிடந்தது. தினமும் காலையில் அவர் அதைத் துடைத்தார். வீட்டில் ஒரே நாற்காலி இருந்தவரை அவருக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றியதில்லை. இரண்டு ஆனதும் எதிர் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிட முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டார்.

எட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கேட்பாளர் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் குடை, தோளில் பை. பையிலிருந்து ஒரு நோட்டு, கார்பன் தாள், முறுக்கிவிட்டால் மணியடிக்கும் சின்னக் கடிகாரம் மூன்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஓர் அட்டையை நீட்டினாள். அதில் அச்சடித்திருந்தது: 'வணக்கம். நான் மாநில அரசின் கேட்பாளர். பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தாங்கள் பேசலாம்.'

லிஃப்ட்காரர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆள் கிடைத்தால் பேசிப் பேசித் தீர்த்துவிடலாம் என்று இருந்தவருக்கு, ஆள் எதிரே உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. முழங்கால் வலியைச் சொன்னார். குழாய் ஒழுகுவதைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். தலையைக்கூட அசைக்கவில்லை. தலையசைப்பது பதிலின் தன்மை உடையது, ஆகவே மத்திய அரசின் அதிகாரத்தில் குறுக்கிடுவதாகும் என்று சுற்றறிக்கை இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

"கழுத்து வலியாம்மா? தைலம் இருக்கு, தரட்டுமா?"

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். மணி அடித்தது. எழுந்து போய்விட்டாள்.

இரண்டாவது வாரம் கட்டடத்தைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது வாரம்தான், ஒன்பது வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை எடுத்தார். அதை மகளிடமும் சொன்னதில்லை. சொன்னால் 'அன்னிக்கே ஏம்பா எனக்குச் சொல்லல?' என்று அவள் அழுவாள்; அப்புறம் அவளைத் தேற்றுவதிலேயே நேரம் போய்விடும். அவருக்கு வேண்டியது யாராவது ஒருவர் அதை முழுசாகக் கேட்பது. அவ்வளவுதான் வேண்டும், வேறொன்றும் இல்லை.

"என் வீட்டுக்காரி ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோட ஆபீசுக்கு வந்தாம்மா. அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. குடும்பத்தை லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. ஆனா அன்னிக்குப் புடிவாதமா நிக்கிறா. 'ஒரே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க, மேல என்னதான் இருக்குன்னு பாக்கணும்'னு. சாப்பாட்டு நேரம், ஒருத்தரும் இல்ல. சரி ஏறுன்னேன். கதவைச் சாத்தினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல டக்குனு நின்னுடுச்சு. லைட்டும் போச்சு—"

மணி அடித்தது.

கேட்பாளரின் பேனா ஒரு கணம் நின்றதை அவர் பார்த்தார். பிறகு அவள் எல்லாவற்றையும் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் ஆவலாக, "லிஃப்ட் நின்னுச்சுன்னேனே..." என்று ஆரம்பித்தபோது அவள் இரண்டாவது அட்டையை நீட்டினாள். 'தாங்கள் பேசிய விஷயம் பதிலுக்காக அனுப்பப்பட்டுள்ளது. பதில் கிடைக்கும் முன் அதே விஷயத்தைத் தொடர்ந்தால் இரட்டைப் பதிவாகும். வேறு விஷயம் பேசவும்.'

வேறு விஷயம் அவரிடம் இல்லை. குழாயைப் பற்றி ஐந்து வாரம் பேசினார். ஒரு குழாயைப் பற்றி அவ்வளவு பேச முடியும் என்று குழாய் ரிப்பேர் செய்பவர்களுக்கே தெரியாது.

பதில்கள் பதிவுத் தபாலில் வர ஆரம்பித்தன. முத்திரை குத்திய நீளமான உறை. தபால்காரர், தான் சான்றளித்தது பொய்யாகிவிட்டதே என்ற கவலையோடு கொண்டுவந்து கொடுத்தார். முதல் உறையில், முதல் அமர்வுக்கான பதில். 'வரி 2, முழங்கால்: அடடா. வரி 5, குழாய்: அப்படியா. வரி 6, தைலம்: வேண்டாம், நன்றி.' கீழே இணைச் செயலரின் கையெழுத்து.

கேட்பாளர் வர ஆரம்பித்த ஒன்பதாவது வாரம் மூன்றாவது உறை வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் ஓரத்தை ஒழுங்காக வெட்டிப் பிரித்தார். 'வரி 1: ம். வரி 4: அப்படியா. வரி 9: பரவாயில்லை. வரி 14: அப்புறம் என்ன ஆச்சு?'

கடைசி வரியை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். அச்செழுத்துதான். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. எத்தனையோ கோப்புகளை மேலும் கீழும் கொண்டுபோனவர், அரசாங்கக் காகிதம் எப்படிப் பேசும் என்று அறிந்தவர். இருந்தாலும் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷத்தில் ஒருவரும் கேட்காததை ஒரு காகிதமாவது கேட்டிருக்கிறதே. அந்த வாரம் முழுக்க அந்த உறையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை கேட்பாளரிடம் கடிதத்தைக் காட்டினார். "பதில் வந்துடுச்சும்மா. இனிமே சொல்லலாம்ல?" அவள் கடிதத்தைப் படித்தாள். வெகுநேரம் பையைத் துழாவி மூன்றாவது அட்டையை எடுத்தாள். அதை அவரிடம் கொடுக்க அவளுக்கு மனமில்லை என்பது அவள் நீட்டிய விதத்தில் தெரிந்தது. 'மத்திய அரசு கேட்ட கேள்விக்கு மத்திய அரசிடமே பதில் கூற வேண்டும். மாநிலக் கேட்பாளர் அதைக் கேட்டல் கூடாது.'

மறுநாள் சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு லிஃப்ட்காரர் பழைய கட்டடத்துக்குப் போனார். லிஃப்டில் ஏறியதும் வலது கை தானாகக் கைப்பிடியைத் தேடிப் போனது. அங்கே வழுவழுவென்று தகடுதான் இருந்தது. அந்தப் பெண்ணின் குரல் "ஐந்து" என்று சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பதாவது மாடியில் வருகைப் பதிவேட்டில் பெயர், நேரம், பேச வந்த விஷயம் எல்லாம் எழுத வைத்தார்கள். மூன்று மேஜைகளுக்கு விளக்கம் சொன்ன பிறகு இணைச் செயலரின் அறைக்குள் விட்டார்கள். அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று கைகொடுத்தார்.

"நீங்க அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டிருந்தீங்க சார்" என்று லிஃப்ட்காரர் உறையை நீட்டினார். "சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

இணைச் செயலர் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா! இதுக்காகத்தாங்க ராத்திரி பகலா உழைச்சோம். நாட்டுல எந்த மூலையில ஒருத்தர் தனியா இருந்தாலும் அவருக்கு ஒரே தரமான 'அப்புறம் என்ன ஆச்சு' போய்ச் சேரணும். முன்னாடியெல்லாம் என்ன நிலைமை? ஒரு ஊர்ல 'அப்புறம்'னுவான், இன்னொரு ஊர்ல 'சொல்லுங்க'ம்பான், ஒருத்தன் கொட்டாவி விடுவான். எந்தச் சீரும் இல்ல. இப்போ மொத்தம் இருபத்திரண்டு அங்கீகரிக்கப்பட்ட பதில்கள். ரெண்டு வருஷம் குழு போட்டுத் தேர்ந்தெடுத்தது. உங்களுக்கு வந்தது பதினேழாம் எண்."

"அப்போ நீங்க கேக்கலையா சார்?"

"நாங்க கேட்டோம். கேக்குறது கொள்கை. ஆனா என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிறது அமலாக்கம். அமலாக்கம் நாலாவது மாடி. நான் உங்க கதையைக் கேட்டேன்னு வெச்சுக்குங்க, மாநில உரிமையில தலையிட்டதா ஆயிடும். உங்க ஒருத்தருக்காக நாட்டோட அமைப்பையே நான் அசைக்க முடியுமா?"

லிஃப்ட்காரர் உறையை மடித்துக்கொண்டார். இணைச் செயலருக்கு மனசு கேட்கவில்லை. வாசல்வரை கூடவே வந்து, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னார். "முதல்ல இருபத்து மூணு இருந்துச்சுங்க. ‘நான் இருக்கேன்ல'ன்னு ஒண்ணு. எனக்கு ரொம்பப் புடிச்சது. சட்டத்துறைதான் எடுத்துட்டாங்க. அப்படி எழுத்துல குடுத்துட்டா நாளைக்கு ஒருத்தர் கோர்ட்டுக்குப் போய், யாரு இருக்கான்னு கேட்டா என்ன சொல்றது?"

லிஃப்ட்காரர் அங்கேயே சுவரில் கை ஊன்றி நின்றுவிட்டார். தலைசுற்றலாக்கும் என்று இணைச் செயலர் நினைத்தார். தண்ணீர் கொடுப்பது நகராட்சியின் பொறுப்பு என்பதால், தரைத்தளத்தில் கிடைக்கும் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

நாலாவது மாடியில் இன்னொரு பதிவேடு, இன்னும் இரண்டு மேஜை, பிறகு துணை இயக்குநர். அவர் உறையைப் பார்த்ததுமே கொதித்துவிட்டார். "கேள்வியா? அவங்க எப்படிக் கேள்வி கேக்கலாம்? ஒப்பந்தத்துல அவங்க பங்கு பதில் மட்டும்தான். கேள்வி கேட்டா அடுத்து ஆள் பேசுவான். பேசினா எங்காளு கேக்கணும். எங்களுக்கு உள்ளது இருபத்து நாலே நிமிஷம். மீதி முப்பத்தாறு நிமிஷம் எங்க? நாலு வருஷமா மேலருந்து ஒரு நிமிஷம் இறங்கல!"

"அவரு மேலதான் சார் இருக்காரு. லிஃப்ட்ல போனா ஒரு நிமிஷம்கூட ஆகாது. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

துணை இயக்குநர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "பெரியவரே, நாங்க அவங்களுக்குத் தலைநகர் வழியாத்தான் தபால் அனுப்புவோம். பதினெட்டு நாள்ல போய்ச் சேர்ந்துடும். நேர்ல போய் நின்னா மாநிலத்தோட மானம் என்ன ஆகுறது?"

"அப்போ நான் யார்கிட்டதான் சார் சொல்றது?"

"முதல்ல நீங்க அவசரப்படாதீங்க. தனியா இருக்கிறவருக்கு என்ன அவசரம்?"

தரைத்தளத்தில் தண்ணீர் கேட்டார். அங்கேயும் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். நாற்காலி ஆடுகிறதா, கால் உடைந்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார்கள். நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னார். தண்ணீர்ப் பானையின் மூடி பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து நாலாவது உறை வந்தது. இந்த முறை மூன்று முத்திரைகள். மூன்று அரசாங்கங்களும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டது இதுவே முதல் தடவை என்று அடிக்குறிப்பில் பெருமையாகப் போட்டிருந்தது. 'வருகைப் பதிவேடுகளைச் சரிபார்த்ததில், பயனாளி ஒரே நாளில் மூன்று அலுவலகங்களில் ஒன்பது நபர்களுடன் உரையாடியுள்ளது தெரியவருகிறது. இது தேசிய சராசரியைவிட அதிகம். ஆகவே பயனாளி தனிமையிலிருந்து வெற்றிகரமாக மீட்கப்பட்டார் என அறிவிக்கப்படுகிறது. உதவி இத்துடன் நிறுத்தப்படுகிறது.'

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் படித்துக் காட்டினார். "பரவால்லையேப்பா, இவ்ளோ சீக்கிரம் சரியாயிடுச்சே!" என்று அவள் சந்தோஷப்பட்டாள். அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அவளாவது நிம்மதியாக இருக்கட்டும்.

திங்கட்கிழமை நகராட்சியின் அதே மூன்று பேர் வந்து நாற்காலியை எடுத்துப் போனார்கள். "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்களேன்" என்றார் லிஃப்ட்காரர். "தூக்குறதுக்குத்தாங்க உத்தரவு" என்று ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். தரையில் நாற்காலியின் நாலு கால் தடமும் அப்படியே இருந்தது. அதைத் துடைக்க அவருக்குக் கை வரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கேட்பாளர். கோப்பை மூடுவதற்கு ஒரு கடைசிக் கையெழுத்து வேண்டும் என்று அட்டையில் இருந்தது. கடிகாரத்தை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள் போல, மடியில் வைக்க ஒன்றுமில்லை. வைக்க மடியும் இல்லை, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாளை மடித்துப் பையில் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள்.

போனவள் திரும்பி நின்றாள்.

"அப்புறம் என்னங்கய்யா ஆச்சு?"

குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. பதினோரு வாரத்தில் அவர் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சட்டென்று அவருக்குப் புரியவே இல்லை.

"லிஃப்ட் நின்னுச்சுன்னீங்களே. லைட்டும் போச்சுன்னு" என்றாள். "ஒன்பது வாரமா எனக்குத் தூக்கமே இல்லைங்க."

லிஃப்ட்காரர் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தாள், அந்த நாலு தடங்களுக்கு நடுவே. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"இருட்டும்மா. அத்தனை வருஷம் லிஃப்ட் ஓட்டினவன், கைப்பிடி எங்க இருக்குன்னே தெரியாம தடவுறேன். அவதான் கையைப் புடிச்சுக்கிட்டா. ‘ஏன் பயப்படுறீங்க, நான் இருக்கேன்ல'ன்னா." அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். "மேல அஞ்சாவது மாடிக்காரங்க கத்துறாங்க, கீழ நாலாவது மாடிக்காரங்க கத்துறாங்க. லிஃப்ட்டோட தலை அஞ்சுல தெரியுது, தலை யார் பக்கமோ அவங்கதான் பொறுப்புன்னு கீழ சொல்றான். கால் எங்க இருக்கோ அங்கதான் அதிகாரம்னு மேல சொல்றான். மூணு மணி நேரம். நாங்க பாட்டுக்கு டப்பாவைத் தொறந்து சாப்பிட்டோம். கல்யாணமாகி அத்தனை நேரம் நாங்க பேசினதே இல்லம்மா. அப்புறம் பையிலருந்து ஒரு காகிதத்தை எடுத்தா. ஆஸ்பத்திரிக் காகிதம். இருட்டுல படிக்க முடியாதுல்ல, நானே சொல்லிடுறேன்னு சொல்லிட்டா. வயித்துல கட்டின்னு. முத்திப்போச்சுன்னு."

கேட்பாளர் தலையை அசைத்தாள்.

"ஏண்டி இதை இங்க வந்து சொல்றேன்னு கேட்டேன். வீட்ல சொன்னா நீங்க எந்திரிச்சு வெளிய போயிடுவீங்க, இங்க போக முடியாதுல்லன்னா. அதுக்காகத்தான் ஏறியிருக்கா. மேல பாக்கறதுக்கெல்லாம் இல்ல."

"எப்படிங்க வெளிய எடுத்தாங்க?"

"கடைசில ஒரு சமரசத்துக்கு வந்தாங்க. ஆளுக்கொருத்தர்னு. அவளை அஞ்சாவது மாடிக்காரங்க மேல தூக்கிட்டாங்க. என்னை நாலாவது மாடிக்காரங்க கீழ இறக்கிட்டாங்க. நான் படியேறி ஓடுறேன், அஞ்சுல அவ இல்ல. அதுக்குள்ள வேற படி வழியா அனுப்பிட்டாங்களாம். திரும்பக் கீழ ஓடுறேன். பாத்தா வாசல் கேட்டு பக்கத்துல காலி டப்பாவைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. சிரிக்கிறா. ‘எங்கெல்லாம் தேடுறீங்க, இங்கதான இருக்கேன்'னா."

"அப்புறம்?"

"பதினோரு மாசம் இருந்தா."

"அப்புறம்?"

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். "அப்புறம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். "ஒன்பது வருஷமா ஒண்ணுமே இல்ல."

அவள் அடடா என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒழுகுகிற அந்தக் குழாயைத் திறந்து இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் எதிரே உட்கார்ந்தாள். "அவங்க பேரு என்னங்கய்யா?" என்று கேட்டாள். இருபத்திரண்டில் அது கிடையாது.

அவர் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அன்று அவள் கிளம்பும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வட்டாரம் ஒதுக்கிவிட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அமர்வு எண் எதுவும் இல்லை. மூன்று அரசாங்கங்களின் ஆவணங்களின்படி, அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.